தார்ப்பாய்க்கு அடியில் எடுத்த நீலம்

மட்டாஞ்சேரியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் தோப்பும்படியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. என் சட்டை மட்டும் விடவில்லை, நடக்க நடக்கச் சொட்டிக்கொண்டே வந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை, பல் தேய்க்கிற பிரஷ், கடையில் திருப்பிக் கொடுக்க மறந்துபோன ஸ்டேப்லர். இரண்டு கையிலும் முழங்கை வரை சாயம் ஏறியிருந்தது. இடது கை மயில் பச்சை, வலது கை மெரூன்.

முதலில் பஸ்ஸில்தான் ஏறினேன். கண்டக்டர் என் கையைப் பார்த்தார்.

"சேட்டா, கம்பியில பிடிக்கல்லே. ஆளுகளோட சட்டையெல்லாம் வெள்ளையாணு."

கம்பியைப் பிடிக்காமல் கொச்சியில் ஓடுகிற பஸ்ஸில் நிற்க எனக்குத் தெரியாது. இறங்கிவிட்டேன். அன்று காலையில் ஒரு கல்யாணத்துக்கு மேடை கட்டிக் கொடுத்திருந்தேன். மதியம் என் வேலை போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முட்டி தேய்ந்து, ஏணி ஏற முடியாமல் நான் இந்தத் தொழிலை விட்ட பிறகு, மேடை அலங்காரத்துக்குப் புதிதாக வந்த உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டீர்கள், கல்யாணத்துக்கு நிறம் எடுப்பது எப்படி என்று. மடிப்பு வைப்பதும் முடிச்சுப் போடுவதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. எடுத்த நிறம் தப்பாகிப்போனால், வாசலில் மேளம் கேட்கும்போது, கையில் ஏணியோடு என்ன செய்வது? அதை எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் கழிவு பொறுக்கினேன். ஏலூரில் உர மூட்டை சுமந்தேன், முதுகுத் தோல் இரண்டு முறை உரிந்தது. கலூரில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவினேன். தோப்பும்படியில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்தேன், ஒரு கால் நகம் அங்கேயே தங்கிவிட்டது. எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. மட்டாஞ்சேரியில் பேபிச்சேட்டனின் கடையில்தான் நான்கு வருடம் ஒட்டினேன்.

பேபிச்சேட்டன் அறுபது வயது பேபி. நரைத்த மீசை, பெரிய வயிறு, எப்போதும் மடித்துக் கட்டிய முண்டு. கல்யாணத்துக்கும் மேடை கட்டுவார், சாவுக்கும் பந்தல் போடுவார். இரண்டுக்கும் கடை ஒன்று, அலமாரி மட்டும் வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்.

"எடா, கல்யாணக்காரங்ககிட்ட எந்தக் கலர் வேணும்னு கேக்காதே. அது அவங்களுக்குத் தெரியாது. எந்தக் கலர் வேண்டாம்னு கேளு. அது எல்லாருக்கும் தெரியும்."

இன்றைக்கும் இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. அதைக் கேட்டு நடந்தும் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் விஷயம்.

அது உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் நடந்த ஒரு ஆனி மாதம். அந்த மாதத்தில் கொச்சியில் நிறம் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். மஞ்சளும் பச்சையும் சேர்த்துக் கட்டினால் மாப்பிள்ளை வீடு பிரேசிலா என்று கேட்பார்கள். கட்சிக்கொடி மாதிரி ஆகிவிடக் கூடாது என்பது வருடம் முழுக்க இருக்கிற தலைவலி. ஆனி மாதத்தில் அதன் மேல் பந்தும் ஏறிக்கொள்ளும்.

திவ்யா ஒரு மதியம் தனியாகக் கடைக்கு வந்தாள். அவளுடைய அப்பா முருகேசனை எனக்கு முகப் பழக்கம் உண்டு. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்ப்பவர். காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவைத் தாண்டுவார். அவருடைய தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டில் இருந்து வந்துவிட்ட குடும்பம். திவ்யா படித்தது மலையாளத்தில், வேலை பார்ப்பது எர்ணாகுளத்தில் ஒரு மருந்துக்கடையில். மாப்பிள்ளை அனூப் ஏலூர்க்காரன், மலையாளி. அவர்களாகவே பார்த்துக்கொண்ட கல்யாணம்.

பாடம் சொன்னபடி கேட்டேன். "எந்தக் கலர் வேண்டாம்மா?"

"வெள்ளை வேண்டாம்ணா. க்ரீம், சந்தனம், கசவு, வெள்ளைக்குச் சொந்தக்காரங்க யாரும் வேண்டாம்." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா இறந்தப்ப வாசல்ல வெள்ளைப் பந்தல் போட்டாங்க. உங்க கடையில இருந்துதான் வந்துச்சு. அதுக்கப்புறம் அப்பா வீட்டுல ஒரு வெள்ளை பெட்ஷீட் கூட விரிக்க விடமாட்டாரு."

"சரி. அப்போ சிவப்பு, மஞ்சள்?"

"அதுவும் பிரஸ்னம். அனூப்போட அம்மாவன் ஒருத்தர் இருக்காரு. அம்மாவோட அண்ணன். ஏழு மாசமா முறைச்சிட்டு இருந்து இப்பதான் வர்றேன்னிருக்காரு. சிவப்பும் மஞ்சளுமா கண்டா, 'பாண்டிக் கல்யாணம் பாண்டிக் கல்யாணமாத்தான் இருக்கு'ன்னு சொல்லுவாரு. சொல்லிட்டு எழுந்து போவாரு. அவர் எழுந்தா அனூப்போட அம்மாவும் எழுந்துருவாங்க. அவங்க அண்ணன் சொல்லாம அவங்க தும்மக்கூட மாட்டாங்க." பாண்டி என்பது இங்கே தமிழர்களை மட்டமாகச் சொல்கிற சொல். முடிவாகச் சொன்னாள்: "யாரும் ஒண்ணும் பறயாத ஒரு கலர் வேணும்ணா."

யாரும் எதுவும் சொல்லாத நிறம். இத்தனை வருடம் ஊர் ஊராகச் சுற்றிய எனக்கே அப்படி ஒன்று இருக்க ஆசைதான்.

அன்று கரண்ட் இல்லை. கடைக்கு உள்ளே இருட்டு. பின்பக்கத்துக் கிடங்கு ஒழுகியதால் துணி முழுவதையும் முன்பக்க அலமாரிகளுக்கு மாற்றி அடுக்கியிருந்தோம், நகரவே இடமில்லை. அதனால் மாதிரித் துணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். வாசலில் மழைக்காக ஒரு பெரிய நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார் பேபிச்சேட்டன். அதற்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முப்பது நாற்பது துண்டுகளைப் புரட்டிவிட்டு ஒன்றில் விரலை வைத்தாள். அழகான இளம் நீலம். மழை விட்ட பிறகு காயல் பக்கம் வானம் ஒரு ஓரமாக வெளுக்குமே, அந்த நீலம்.

"இதுக்கு யார் என்ன சொல்ல முடியும்?" என்றாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

நம்பரைச் சொல்லித் திருப்பூரில் இருந்து துணி வரவழைத்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அதே தார்ப்பாய்க்கு அடியில் பிரித்து, அதே தார்ப்பாய்க்கு அடியில் அளந்து, அங்கேயே தையல் மெஷின் போட்டுத் தைத்தேன். இரண்டு நாள் முழுக்க அந்தத் துணி என் மடியில்தான் கிடந்தது. ஒரு முறைகூடச் சந்தேகம் வரவில்லை. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்குத் தான் நீலத்தில் உட்கார்ந்திருப்பது தெரியாது. நீங்கள் இப்போது போனில் நிறம் காட்டுகிறீர்கள். ஒவ்வொரு போனும் ஒரு தார்ப்பாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் கடையில் இருந்து ஐந்து நிமிடம். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை மண்டபமாக மாற்றியிருந்தார்கள். தேக்கு உத்தரம், அதில் அந்தக் காலத்தில் மூட்டை தூக்கிய இரும்பு வளையங்கள், சுவரெல்லாம் காரை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஆகா என்று சொல்வதற்காக உச்சியில் மஞ்சள் விளக்குகளாகப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சத்திலேயே கட்டினோம். மேகமூட்டம். துணி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது, வானத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டேன். எட்டே காலுக்கு மண்டபத்துக்காரர் மெயின் சுவிட்சைப் போட்டார்.

துணியில் இருந்து நீலம் போய்விட்டது.

போய்விட்டது என்றால் முழுக்கப் போய்விட்டது. மஞ்சள் வெளிச்சம் அந்த இளம் நீலத்தைக் குடித்துவிட்டது. மேடையின் பின்சுவர், கூரை, தூண்கள், இரண்டு பக்கத் தொங்கல்கள், எல்லாம் வெள்ளை. சாதாரண வெள்ளை இல்லை, புதிதாகச் சலவை செய்த வெள்ளை.

அந்த நேரம் பார்த்து அம்மாவன் உள்ளே வந்தார். ஏற்பாடெல்லாம் ஒழுங்கா என்று பார்க்க மாப்பிள்ளை வீட்டில் இருந்து முன்கூட்டியே வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட சட்டை, எதிலாவது குறை தென்படுமா என்று தேடுகிற கழுத்து. மேடையை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கொள்ளாம்ல்லோ! நல்ல வெளுப்பு. கண்டா பாண்டிக் கல்யாணம்னு ஆரும் பறயில்ல."

அவருக்குப் பின்னால், தோளில் வாழைத்தாரோடு முருகேசன் நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தானே வாழைத்தார் தூக்குகிற ஆள் அவர். அம்மாவன் சொன்னதையும் கேட்டார், மேடையையும் பார்த்தார். வாழைத்தாரை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மாவன் சமையல்கட்டுப் பக்கம் போனதும் என்னிடம் வந்தார்.

"என்ன கலர்டா இது?"

இங்கே நான் முதல் தப்பைச் செய்தேன். நிறம் தப்பானது விபத்து. இது தப்பு.

"ஐஸ் ப்ளூண்ணே. இப்ப இதுதான் எல்லாரும் கேக்குறாங்க."

"ஐஸு என்ன கலரு?"

நான் கையில் இருந்த கயிற்றைச் சுருட்டினேன்.

"ஐஸு வெள்ளைதானடா."

தோப்பும்படியில் ஆறு மாதம் ஐஸ் உடைத்தவனிடம் போய் இதைச் சொல்கிறார்.

"எம் பொண்ணுதான் எடுத்தாளா?"

"ஆமாண்ணே, ஆனா..."

'ஆனா'வில் ஆரம்பித்திருக்க வேண்டும். 'ஆமா' என்று சொன்னதுமே அவர் காது அடைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் வாயில் இருந்து முதலில் வருகிற சொல்தான் எதிராளிக்குக் கேட்கும். மிச்சம் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

"அவங்க ஆளுகளுக்கு வெள்ளை பிடிக்கும். பிடிக்கட்டும்" என்றார் முருகேசன். சத்தமே போடவில்லை. "அவ அம்மா எந்தத் துணிக்குக் கீழ கெடந்தான்னு மறந்துட்டாளே, அதான்." வெளியே போய், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முகூர்த்தம் பதினொன்றுக்கு.

திவ்யாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு ஒரு கண்ணில் மட்டும் மை போட்டு முடித்திருந்தார்கள். அப்படியே எழுந்து வந்து திரைச் சந்தில் மேடையைப் பார்த்தாள்.

"நான் இதையா எடுத்தேன்?"

"இதைத்தான்மா. அன்னைக்குத் தார்ப்பாய் வெளிச்சம், இங்க மஞ்சள் வெளிச்சம். நான் கவனிக்கல. தப்பு என்னோடது."

"அப்பா?"

சொன்னேன். அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். மேக்கப் போடுகிற பெண் பதறிப்போய், "மோளே, கரயல்லே, கரயல்லே" என்றாள். அழாதே என்று அர்த்தம்.

"அழல. ரெண்டாவது தடவை போட நேரமில்ல" என்றாள் திவ்யா. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா வந்து உக்காராம நான் மேடைல உக்கார மாட்டேன்ணா. அப்பா எங்கன்னு அம்மாவன் கேப்பாரு. கேட்டா முடிஞ்சது. அதுவும் போகட்டும். நான் அம்மாவை மறந்துட்டேன்னு அப்பா நினைக்கிறாரே. அதை வச்சுக்கிட்டு நான் எப்படித் தாலி கட்டிக்க?"

துணியை மாற்றலாம் என்று பார்த்தால், கடையில் அன்றைக்கு முழு மேடைக்குக் காணும்படி இருந்தது ஒரே ஒரு செட். பந்தாட்டத்துக்குத் திரை போடுகிற ஒரு கிளப்புக்காகத் தைத்த மஞ்சளும் பச்சையும். மிச்சமெல்லாம் உதிரி. நல்ல செட்டுகளை எல்லாம் பேபிச்சேட்டன் கலூரில் இன்னொரு கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தார். அனூப்பும் அவன் கூட்டாளிகளும் அர்ஜென்டினாக்காரர்கள் என்று திவ்யா முன்பே சொல்லியிருந்தாள். பிரேசில் மேடையில் உட்கார்வதைவிட மாப்பிள்ளை சன்னியாசம் போவான். விளக்கை மாற்றலாம் என்றால், உச்சியில் இருக்கிற பல்பைத் தொட மண்டபத்துக்காரர் விடவில்லை. வீடியோக்காரர் தன் விளக்கைக் காட்டி, "இதும் மஞ்சள்தான் அண்ணாச்சி" என்று ஆறுதல் சொன்னார்.

துணியின் ஓரத்தில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் கடைக்கு வாங்க. அங்க இது நீலம். உங்க பொண்ணு எடுத்தது நீலம். தப்பு நான் பண்ணது."

அவர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். மழைக்கு முந்தின சாம்பல் வெளிச்சத்தில் அது எதுவாகவும் இல்லை.

"பொண்ணு கல்யாணத்தை விட்டுட்டு உன் கடைக்கு வந்து நான் துணி பாக்கணுமா? போடா. அவளைக் காப்பாத்த நீ பேசற. நல்லவன். போ."

நல்லவன் என்று சொல்லி அனுப்பிவிட்டால் அதற்கு மேல் பேச வழியில்லை.

அவர் வரமாட்டார். கடை வரலாம்.

மழைத் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடினேன். கடை வாசலில் நின்று மேலே பார்த்தேன். தார்ப்பாயை எட்டுக் கயிறுகள் பிடித்திருந்தன. காயல் பக்கம் வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது. உள்ளே, முன்பக்கத்தில், ஷட்டரை இறக்க முடியாதபடி மூன்று வருடத் துணி அடுக்கி வைத்திருந்தது. பேபிச்சேட்டனைப் போனில் கூப்பிடலாம். கூப்பிட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொன்ன பிறகு அவிழ்த்தால் அது திருட்டு. கேட்காமல் அவிழ்த்தால் வெறும் முட்டாள்தனம். நான் முட்டாள்தனத்தை எடுத்துக்கொண்டேன்.

இதை நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. எதைச் செய்தாலும், அதனால் நனையப்போவது எது என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நான் பார்த்தேன். மயில் பச்சைத் துணியும் மெரூனும் இருந்த அலமாரி வாசலுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. கையில் அகப்பட்டதை எல்லாம் மேல் தட்டுக்குத் தள்ளினேன். ஐந்தாவது கயிற்றை அறுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

தார்ப்பாயை நீளமாகச் சுருட்டி ஒரு ஆட்டோவின் பின் சீட்டில் குறுக்கே கிடத்தினேன். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சேட்டா, இதுக்குள்ள ஆருண்டு?"

"யாரும் இல்ல. போங்க."

"முன்கூட்டிப் பறயணும். போலீஸ் கேட்டா ஞான் என்ன சொல்லும்?"

"கல்யாணத்துக்குப் போகுதுன்னு சொல்லுங்க."

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தே கால். மூட்டை தூக்கிய இரும்பு வளையங்களில் கயிறு விட்டு, மேடைக்கு மேலே, விளக்குகளுக்குக் கீழே, தார்ப்பாயை இழுத்துத் தூக்கினோம். சமையல்காரர்கள் இரண்டு பேர், வீடியோக்காரர், ஆட்டோக்காரர், நான். ஆட்டோக்காரர் ஏன் வந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

தார்ப்பாய் விரிந்ததும் மேடை நீலமானது. ஸ்டூலில் உட்கார்ந்து அவள் விரல் வைத்த அதே நீலம். கூடவே மற்றதெல்லாம் நீலமானது. வாழைமரம் நீலம், குத்துவிளக்கு நீலம், ஐயர் நீலம். ஐயர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தார்ப்பாயில் தங்கியிருந்த மழைத் தண்ணீர் சரியாக அவர் உச்சந்தலையில் சொட்டியது. மனையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். வீடியோக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு, "எல்லாரும் நேத்திக்குப் பிடிச்ச மீன் மாதிரி இருக்காங்க" என்றார். குழந்தைகள் மேடைக்குள் ஓடி நீலமாவதும் வெளியே ஓடி மறுபடி கறுப்பாவதுமாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டன.

அம்மாவன் சமையல்கட்டில் இருந்து வாயில் பருப்பு வடையோடு வந்தார்.

"எந்தா இது? நல்ல வெளுப்பாயிட்டு இருந்தல்லோ! ஆராணு இந்தப் பணி செய்தது?"

நான் கையைத் தூக்குவதற்குள் வாசலில் அனூப்பின் கூட்டம் வந்துவிட்டது. அனூப் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடைக்குள் ஒரு கால் வைத்தான். வேட்டி இளம் நீலமானது. மேடைக்கு வெளியே இருந்த பாதி வெள்ளையாகவே இருந்தது. நீலமும் வெள்ளையும். பின்னால் நின்ற இருபது பேரும் தங்கள் அணியின் சட்டை நிறத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். அப்புறம் ஒருத்தன் "அர்ஜென்டினா!" என்று கத்தினான். மண்டபமே அதிர்ந்தது. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மாவன் வடையை விழுங்கினார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். போன் உறையில் நீலமும் வெள்ளையுமாகக் கோடுகள்.

"இது நேரத்தே பறஞ்சூடே?" என்று என்னைக் கடிந்துகொண்டார். முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்கிறார். தங்கையை இழுத்து மேடையில் நிறுத்தி முதல் படத்தை எடுத்தார்.

சத்தம் கேட்டு முருகேசன் உள்ளே வந்தார். நான் மேடை ஓரத்தில் நின்றேன், என்னைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு திவ்யாவைப் பார்த்தார். அவள் மேடையின் ஓரம் வரை வந்து நின்றிருந்தாள். தலைப் பூவில் இருந்து கால் மெட்டி வரை நீலம்.

"இதான் நீ எடுத்த கலரா?"

"இதான்ப்பா."

அவர் இன்னொரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"அசிங்கமா இருக்கு."

"தெரியும்ப்பா."

"சரி. தள்ளு" என்று சொல்லிவிட்டு மேடையில் ஏறி, அவள் அம்மாவுக்கு என்று விட்டிருந்த காலி இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பதினொன்று ஐந்துக்குத் தாலி கட்டியாயிற்று.

யாரும் எதுவும் சொல்லாத நிறம் கேட்டவளுக்கு, எல்லோரும் பேசுகிற நிறத்தைக் கொடுத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பாண்டி என்ற சொல் அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை. வேறு எங்காவது சொல்லியிருப்பார்கள். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

மேடையைப் பிரித்து எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். மழை கடைக்குள் வந்து விரிவாக வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தது. மயில் பச்சை சாயம் விட்டு மஞ்சளுக்குள் ஓடியிருந்தது, மெரூன் எல்லாவற்றுக்குள்ளும் ஓடியிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தபோது மூன்று மணிக்குப் பேபிச்சேட்டன் வந்தார். வாசலில் நின்று மேலே பார்த்தார். அங்கே வானம் இருந்தது.

"எடா" என்றார், "மழைக்காலத்துல ஒருத்தன் முதலாளியோட முண்டு அவுத்துட்டுப் போவானோ?"

நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். இதைச் சொல்லியாக வேண்டும், முழுக்கக் கேட்டார். அந்த வெள்ளைப் பந்தல் தன் கடையில் இருந்து போனது என்றதும் ஒரு முறை தலையை ஆட்டினார்.

"நீ செஞ்சது ஒருவேளை சரி. ஆனா நாளைக்கு நீ என் கண்ணுல படாதே."

"நாளை மறுநாள்?"

"அதும் வேண்டா."

ஒரு வருடம் கழித்து அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கோபம் தணிந்ததால் இல்லை, ஏணி ஏற ஆள் கிடைக்காததால். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறி இறங்கி, தோப்பும்படிக்கு நடந்தேன். ஐஸ் கொட்டகையில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். அங்கே படுத்தேன்.

காலையில் துறைமுகத்துக்கு வெளியே சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எந்த ஊர் என்பதுதான் யோசனை. குப்பை வண்டி ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முருகேசன். கழுத்தில் நேற்றைய சந்தனம் இன்னும் போகவில்லை.

"என்னண்ணே, கல்யாணத்துக்கு மறுநாளே வேலையா?"

"குப்பைக்கு யார் லீவு கொடுத்தா? இன்னைக்கு இந்தப் பக்கம் போட்டிருக்காங்க." என் கையைப் பார்த்தார். "பேபி உன்னைத் தொரத்திட்டானாமே. ஆட்டோக்காரன் சொன்னான்."

அவருக்கும் ஒரு சாயா சொன்னேன். பாதி குடித்த பிறகு அவராகவே பேசினார்.

"தார்ப்பாய்க்குக் கீழ என் பட்டு வேட்டியும்தான் நீலமா இருந்துச்சு. வெள்ளையக் கட்டிட்டு மேல நீலத்தப் போட்டாலும் நீலமாத்தாண்டா தெரியும். அது எனக்குத் தெரியாதா?"

அது எனக்கும் தெரியும். கயிற்றை அறுக்கும்போதே தெரியும். அவருக்குத் தெரியக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஏண்ணே வந்து உக்காந்தீங்க?"

"நீ நின்ன கோலத்தப் பாத்தேன். பொய்க்காக ஒருத்தன் அவ்வளவு நனைய மாட்டான்." கிளாஸை வைத்துவிட்டு வண்டியைப் பிடித்தார். "வா. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் நம்ம ஆளுக துணி வெளுக்கிற எடத்துல ஒரு ஆள் வேணுங்கறாங்க."

அங்கே பொறுப்பாக இருந்தது ராஜம்மக்கா என்ற அம்மாள். ஓட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரி விரிப்புகள், வரிசை வரிசையாகக் கொடியில் ஏறிக்கொண்டிருந்தன. என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, மருதாணியா?"

"சாயம் விட்ட துணியப் பிழிஞ்சேங்க்கா."

"எவனோ மழையில கடையத் தொறந்து போட்டுட்டானாம், விடியறதுக்குள்ள ஒரு வண்டி மூட்டை வந்து எறங்கியிருக்கு. அவன்தான் நீயா? நல்லதாப் போச்சு. நீ கெடுத்ததை நீயே வெளு."

அதுதான் மறுநாள் காலையில் எனக்குக் கிடைத்த வேலை. பேபிச்சேட்டனின் மூட்டைகளில் முதலில் அவிழ்த்தது மேடைத் துணி. தொட்டியில் போட்டு, அலசி, பிழிந்து, ஒன்பதரை மணிக்குக் கொடியில் போட்டேன். மழை இல்லை. ஆனி மாதத்தில் அபூர்வமாக வருகிற நேர் வெயில். இடது பக்கம் ஓட்டல் விரிப்பு, வலது பக்கம் ஆஸ்பத்திரி விரிப்பு, இரண்டும் சுத்த வெள்ளை. நடுவில் அது மட்டும் இளம் நீலமாக ஆடிக்கொண்டிருந்தது. முருகேசன் எப்போதோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார். அவர் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. நான் சொன்னது பொய் இல்லை என்பது எனக்குத்தான் அப்போது உறுதியானது.